பளிச்சக்காவும் பஞ்சு பிடிக்கும் பையும்

அந்த லாண்டரியில் பளிச்சக்காவிடம் பேசுவதென்றால் முதலாளியே தொண்டையைச் செருமிக்கொண்டுதான் ஆரம்பிப்பார். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று அவளுக்கு இல்லாமலா இருக்கும்? இருந்தது. அதை யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. எந்தத் துணியை எடுத்துக் காட்டினாலும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கி, "இன்னும் பளிச்சுன்னு வரலையே" என்று திரும்ப மெஷினுக்குள் தள்ளுவாள். தள்ளித் தள்ளியே பேர் வாங்கினாள். வேலை முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகும் அவள் மட்டும் மெஷின் கதவின் ரப்பர் வளையத்துக்குள் விரலை விட்டுத் துடைத்துக்கொண்டிருப்பாள். "ஒரு நாள் தூங்கும்போது என்னையும் தூக்கி மெஷின்ல போட்டுடுவா பாருங்க" என்று அவள் புருஷன் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அவள் சிரிக்கமாட்டாள். அவன் சட்டைக் காலரைப் பார்த்துவிட்டு, போட்டால்தான் என்ன என்பது போல நிற்பாள்.

சின்ன வயதிலேயே தாய் தகப்பன் இரண்டு பேரும் போய்விட்டார்கள். மெஷின் கதவு நெஞ்சு உயரத்துக்கு இருக்கும்போதே வேலைக்கு வந்தவள் அவள். வீட்டில் ஒரு தங்கை. அந்தத் தங்கையை இடுப்பில் தூக்கி, தலைவாரி, படிக்கவைத்து, கட்டிக்கொடுத்து, வாய்க்கால் கரையில் செடி நாற்று விற்கும் நர்சரி ஒன்று போட ஒத்தாசை செய்து, எல்லாம் இவள் தலையில்தான். அவளும் அக்கா கிழித்த கோட்டைத் தாண்டமாட்டாள். ஒருத்திக்குத் தலைவலி என்றால் இன்னொருத்தி தைலம் தேடுவாள். பார்த்தவர்கள் பொறாமைப்பட்டார்கள். கண்ணு பட்டதோ என்னவோ, இந்தப் பாழாய்ப்போன ஃபில்டர் வந்து சேர்ந்தது.

அது வந்தது நல்லதுக்குத்தான். லாண்டரிக்கு வருவதெல்லாம் ஓட்டல் போர்வை, ஃபாக்டரி சீருடை, பேருந்து இருக்கை உறை. துவைக்கத் துவைக்க அவற்றிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இழைகள் உதிர்ந்து தண்ணீரோடு வாய்க்காலுக்குப் போகின்றன, அதைத் தடுக்காவிட்டால் பூட்டுத்தான் என்று நகராட்சி சொல்லிவிட்டது. முதலாளி ஒரு ஃபில்டர்காரரைப் பிடித்துவந்தார். மெஷின் தண்ணீர் எல்லாம் வந்து சேரும் குழாயில் எஃகு டிரம் ஒன்றைப் பொருத்தினார்கள். அதற்குள் தலையணை உறை மாதிரி ஒரு பை, மாவு சலிக்கும் சல்லடையைவிட நெருக்கமான வலையில் தைத்தது. தண்ணீர் பைக்குள் புகுந்து வெளியே வரும்; பஞ்சு உள்ளேயே தங்கிவிடும்.

"இதை யார் பார்த்துக்கறது?" என்று கேட்டார் ஃபில்டர்காரர். முதலாளி வேறு யாரைக் காட்டுவார்?

"அக்கா, ஒண்ணே ஒண்ணுதான். சாயங்காலம் வேலை முடிஞ்சதும் இந்தப் பையை வெளிய எடுத்துச் சுத்தம் பண்ணி மாட்டிடணும். சுத்தமா இல்லேன்னா அடைச்சுக்கும், தண்ணி பின்னால தள்ளும்."

"சுத்தம் பண்றதைப் பத்தி எனக்கா சொல்றீங்க?" என்றாள் பளிச்சக்கா. சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார். சிரித்தபடியே சாமானைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். பேச்சு அவ்வளவுதான். அங்கே இன்னும் ஒரே ஒரு வாக்கியம் பேசியிருந்தால் இந்தக் கதையே இல்லை. கேட்கவும் ஆளில்லை, சொல்லவும் ஆளில்லை.

அன்று முதல் அந்தப் பை பளிச்சக்காவின் செல்லப்பிள்ளை ஆயிற்று. தினம் சாயங்காலம் டிரம்மைத் திறந்து அதைத் தூக்கும்போது சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று கனத்துக் கிடக்கும். அதைப் பார்த்தாலே அவளுக்கு ஒரு நிம்மதி. "இத்தனையும் வாய்க்காலுக்குப் போயிருக்கும் பாரு" என்பாள். பையை யாரும் தொடக்கூடாது. தொட்டால் கையை ஒடித்துவிடுவாள்.

ஃபில்டர் வந்து சில மாதம் ஆனதும் ஒரு காலையில் தங்கை லாண்டரி வாசலில் வந்து நின்றாள். நடந்து வந்த வேகத்தில் மூச்சு வாங்கியது. உள்ளங்கையில் எதையோ பொத்தி வைத்திருந்தாள்.

"அக்கா, இதைப் பாரேன்."

விரித்துக் காட்டினாள். சாம்பல் நிறத்தில் ஈரமாக ஒரு உருண்டை.

"என்னடி இது, பூனை முடியா?"

"உங்க போர்வைப் பஞ்சுக்கா. என் மோட்டார் குழாய் வாயில வலை கட்டியிருக்கேன் இல்ல, அது பூரா இப்படித்தான் அப்பிக்கிடக்கு. சாயங்காலம் செடிக்குத் தண்ணி விடலாம்னு மோட்டாரைப் போட்டா அஞ்சு நிமிஷம் ஓடறதில்ல, இழுத்துக்கிட்டு நின்னுடுது. வலையைத் தாண்டி உள்ள போறது சொட்டுக் குழாய் ஓட்டையை எல்லாம் அடைச்சிடுச்சு. ஒரு பாத்தி நாத்து கருகிப்போச்சுக்கா."

"எங்ககிட்ட ஃபில்டர் இருக்குடி."

"அதைத்தான் சொல்றேன். முன்னால எல்லாம் இப்படி இல்ல. இந்த ஃபில்டர் வந்த பிறகுதான் சாயங்காலமானா மொத்தமா வருது."

மடித்துக்கொண்டிருந்தவர்கள், இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். பின்னே? பஞ்சு பிடிக்கிற மெஷின் வந்த பிறகுதான் பஞ்சு வருகிறதாம்! பூட்டு போட்ட பிறகுதான் திருட்டுப் போகிறது என்று சொன்னால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்?

பளிச்சக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. ரத்தம் தலைக்கு ஏறியது. இத்தனை பேர் முன்னால், தூக்கி வளர்த்த தங்கையே வந்து அவள் சுத்தத்தைக் குறை சொல்கிறாள். வாயில் வந்ததையெல்லாம் கொட்டினாள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! செடி வளர்க்கத் துப்பில்ல, என் மேல பழி போட வந்துட்டியா? அந்த வலையை ஒழுங்கா ஒரு நாளாவது கழுவியிருக்கியா நீ? அழுக்குப் பிடிச்சவ! எங்க டிரம்மைத் தாண்டி ஒரு இழை வெளிய போச்சுன்னு நிரூபி, அன்னிக்கே நான் இந்த வேலையை விட்டுட்டுப் போறேன்."

தங்கை உள்ளங்கையை மூடிக்கொண்டாள். அழுதிருந்தாலாவது தேவலை. வந்த வழியே திரும்பி நடந்தாள். அவ்வளவுதான், இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது.

அதுக்கப்புறம் தங்கை மகளுக்குக் கல்யாணம் நடந்தது. பெரியம்மாவுக்குச் சொல்லவில்லை. கேட்டீர்களா? அந்தப் பெண் பிறந்தபோது முதலில் கையில் வாங்கியவள் இவள்; காய்ச்சலில் கிடந்தபோது கண் விழித்தவள் இவள். அந்தப் பிள்ளை கல்யாணம் முடிந்து புருஷன் வீடு போய்ச் சேர்ந்த பிறகு, துணி போட வந்த எவளோ சொல்லித் தெரிந்துகொண்டாள். அன்றைக்கு ஒரே விரிப்பை நாலு முறை துவைத்தாள். யார் மாப்பிள்ளை, எங்கே கொடுத்தார்கள் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்டால் மானம் போய்விடுமாம். புருஷன் விசாரித்துவிட்டு வந்து வாயெடுத்தபோது, "அந்தப் பேச்சை எடுத்தா சோறு கிடையாது" என்றாள். வீம்பு என்று வந்துவிட்டால் அக்காவும் தங்கையும் ஒரே அச்சு. ராத்திரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து மூக்கை உறிஞ்சுவது மட்டும் அவனுக்குக் கேட்கும். பாவம், கேட்காத மாதிரி இருந்துகொள்வான்.

இப்படி இருக்கையில்தான் நகராட்சியிலிருந்து வந்து வாய்க்கால் வாயில் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள். முடிவு வந்தது. ஃபில்டர் போடுவதற்கு முன்னால் தண்ணீரில் எத்தனை பஞ்சோ இப்போதும் அத்தனை. ஒரு மாற்றமும் இல்லையாம். முதலாளி குதித்த குதியில் மேஜை மேலிருந்த தண்ணீர் டம்ளர் கீழே விழுந்தது. ஃபோனை எடுத்து ஃபில்டர்காரரை உண்டு இல்லை என்று ஆக்கினார். "ஓட்டை டிரம்மை என் தலையில கட்டிட்டுப் போயிட்டியா?" என்று அவர் கத்தியது பாய்லர் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

ஃபில்டர்காரர் பறந்தடித்துக்கொண்டு வந்தார். டிரம்மைத் தட்டிப் பார்த்தார், பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு பொத்தல் இல்லை. "பை புதுசு மாதிரி இருக்கே" என்று ஆச்சரியப்பட்டார். பளிச்சக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"பின்னே என்ன நெனச்சீங்க?"

"சரி, பிடிச்ச பஞ்சை எங்க சேர்த்து வெச்சிருக்கீங்க? அதை எடை போட்டா எவ்வளவு பிடிச்சிருக்குன்னு தெரிஞ்சிடும்."

"பஞ்சையா? அதை எதுக்கு வெச்சிருக்கணும்?"

"அப்ப என்னதான் பண்றீங்க?"

"இருங்க, வேலை முடியட்டும், காட்டறேன்."

சாயங்காலம் மெஷின்கள் ஓய்ந்ததும் எல்லோரும் கூடிவிட்டார்கள். பளிச்சக்கா முந்தானையை இழுத்துச் செருகினாள். வால்வை மூடினாள், மூடியைக் கழற்றினாள், கனத்த பையைத் தண்ணீர் சொட்டச் சொட்டத் தூக்கிக்கொண்டு மூலையில் இருந்த சிமெண்டுத் தொட்டிக்குப் போனாள். பையை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டினாள். பஞ்சு தோல் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. ஹோஸ் பைப்பை எடுத்து முழுசாகத் திறந்துவிட்டாள். தண்ணீர் பீய்ச்சி அடித்தது. சாம்பல் படலம் கிழிந்து, கரைந்து, தொட்டி ஓட்டை வழியாகத் தரைச் சாக்கடைக்குள் சுழன்று இறங்கியது. அதற்கு மேல் சோப்பு போட்டு பிரஷ்ஷால் நாலு தேய். இன்னொரு அலசு. பை வெள்ளை வெளேரென்று வந்தது. உதறி, தூக்கிக் காட்டினாள். "இப்பப் பாருங்க. பளிச்சுன்னு இல்ல?"

ஃபில்டர்காரர் பேயறைந்தவர் மாதிரி தொட்டி ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அக்கா," என்றார், "தினமும் இப்படியா?"

"தினமும்தான். ஒரு நாள் தவறினதில்ல. காய்ச்சல்ல கூட வந்து கழுவியிருக்கேன்."

"இந்தச் சாக்கடை எங்க போகுது?"

பளிச்சக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. அது பழைய சாக்கடை. ஃபில்டர் டிரம்முக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. அவள் வேலைக்குச் சேருவதற்கு முன்னாலிருந்தே அது நேராக வாய்க்காலுக்குத்தான் போகிறது. அது அவளுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். தினம் பார்க்கிற ஒன்றுதான், தினம் தெரிந்த ஒன்றுதான். தான் கழுவுவதையும் அந்தச் சாக்கடையையும் சேர்த்து ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நினைத்துப் பார்க்கவில்லை.

ஐயோ! பகல் முழுக்க டிரம் பாடுபட்டுப் பிடிக்கிறது. சாயங்காலம் இவள் சோப்பு போட்டு அத்தனையையும் அனுப்பிவைக்கிறாள். முன்பு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து போனது, இப்போது மொத்தமாக, ஒரே நேரத்தில், தங்கை செடிக்கு மோட்டார் போடுகிற அதே நேரத்தில் போயிருக்கிறது. எல்லோரும் சிரித்தார்களே, அந்தத் தங்கை சொன்னதில் ஒரு எழுத்துப் பிசகு இல்லை.

முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டு அழுக்குத் துணி மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் அவருக்குக் கோபம் வந்தது. "உனக்குக் கொஞ்சமாவது..." என்று ஆரம்பித்தவரை ஃபில்டர்காரர் தடுத்தார். "அவங்களைச் சொல்லாதீங்க சார். சுத்தம் பண்ணுங்கன்னு நான்தான் சொன்னேன். வழிச்சு எடுத்து டப்பாவுல போட்டு மூடி வைங்க, தண்ணி காட்டாதீங்கன்னு சொல்லலை. எனக்குச் சுத்தம்னா அது. லாண்டரிக்காரங்களுக்குச் சுத்தம்னா கழுவறதுதானே? என் புத்தியைத்தான் செருப்பால அடிக்கணும்."

"தம்பி," என்றாள் பளிச்சக்கா. "பஞ்சுதானே? தண்ணியில மக்கிப் போயிடாதா?"

அவர் தொட்டி விளிம்பில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி, பிழிந்து, இஸ்திரி மேஜையில் சூடாக இருந்த இஸ்திரிப்பெட்டியின் முனையில் வைத்தார். பஞ்சு என்றால் கருகிப் புகைய வேண்டும். இது சுருங்கியது, உருகியது, கறுப்பு மணியாக இறுகிக் கெட்டியாக நின்றது. சுற்றிலும் பிளாஸ்டிக் வாடை அடித்தது. "நாமதான் பஞ்சு பஞ்சுங்கறோம். உங்க போர்வை, சீருடை, முக்கால்வாசி பிளாஸ்டிக்கை இழையா இழுத்து நெய்ததுக்கா. இது மக்காது. துண்டாகும், இன்னும் சின்னத் துண்டாகும், அவ்வளவுதான். மீன் தின்னும், நாமும் தின்போம்."

இத்தனை வருஷம் கையில் புரண்ட பொருள். கன்னத்தில் வைத்துப் பார்த்து, எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். முந்தானையில் கையைத் துடைத்தாள், துடைத்த முந்தானையைப் பார்த்தாள், அதுவும் அதே பிளாஸ்டிக் இழைதான், அதையும் விட்டுவிட்டாள். முதலாளி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார், நாளையிலிருந்து வழித்து எடுக்கவேண்டும், டப்பா வாங்கவேண்டும் என்று. அவள் காதில் விழவில்லை. அவள் கண் முன்னால் இருந்ததெல்லாம் ஒரு உள்ளங்கை, அது மூடிக்கொண்டது. செருப்பைக்கூட மாட்டாமல் ஈரக்காலோடு வெளியே நடந்தாள்.

வாய்க்கால் கரையோடு போனால் நர்சரி பக்கம்தான். போகும்போதே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு போனாள். இப்போது தொட்டியில் விட்டதுதான், நுரையும் சாம்பலுமாக அவளுக்குப் பக்கத்திலேயே மிதந்து வந்துகொண்டிருந்தது. வேகமாக நடந்தாள். அதுவும் நிற்கவில்லை.

தங்கை கரைப் படியில் குந்தி, மோட்டார் குழாயின் வாயில் கட்டிய வலையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். காலடி கேட்டும் திரும்பவில்லை. நிழலைப் பார்த்தே யாரென்று தெரிந்திருக்கும்.

"நான்தான்டி," என்றாள் பளிச்சக்கா. "நான்தான் பண்ணியிருக்கேன். நீ சொன்னது அத்தனையும் நெஜம். தினம் சாயங்காலம் நான்தான் கழுவி விட்டிருக்கேன், என் கையால."

அதுவரைக்கும் ஊமையாக இருந்தவள் மடை திறந்துவிட்டாள். "வந்துட்டா மகராசி! இப்பத்தான் கண்ணு தெரிஞ்சுதா? அத்தனை பேர் முன்னால என்னை அழுக்குப் பிடிச்சவன்னு சொன்னியே, அன்னிக்கு வீட்டுக்கு வந்து நான் சோறு தின்னேனா, தூங்கினேனான்னு உனக்குத் தெரியுமா? எம் பொண்ணு கல்யாணத்தன்னிக்கு வாசலையே பாத்துக்கிட்டு நின்னேன். கூப்பிடலேன்னா என்ன, எங்கக்கா வந்து என்னை நாலு அறை அறைஞ்சுட்டு உள்ள போயிடுவான்னு நெனச்சேன். வந்தியா நீ? கல்நெஞ்சக்காரி! ஒரு நாளா, ரெண்டு நாளா, தினம் இங்க குந்திக்கிட்டு உன் எழவைக் கழுவறதே என் பொழப்பாப் போச்சு!"

பளிச்சக்கா தலை குனிந்து நின்றாள். ஒன்று விடாமல் வாங்கிக்கொள்ளத்தான் வந்திருந்தாள். கண்ணிலிருந்து வழிந்தது, துடைக்கவில்லை. குனிந்த தலைக்குத் தெரிந்ததெல்லாம் தங்கையின் கைகள்தான். வாய் ஒரு பக்கம் வைதுகொண்டிருக்க, கைகள் தம் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தன. வலையைத் தண்ணீரில் முக்கின, படியில் இரண்டு அடி அடித்தன, கசக்கின, மறுபடி முக்கி அலசின. அலசிய இடத்திலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு மேகம் கிளம்பி, படிக்கு அடுத்திருந்த மதகுக்குக் கீழே நுழைந்து அந்தப் பக்கம் போனது.

"அடியே," என்றாள் பளிச்சக்கா, "என்ன பண்ற?"

"பாத்தா தெரியலை? உன் குப்பையைக் கழுவறேன்."

"கழுவி?"

"கழுவி என்ன, தண்ணியிலதான்..."

தங்கை நிறுத்தினாள். வலை கையில் பாதி நனைந்தபடி தொங்கியது. தினமும் இங்கேதான், இப்படித்தான். மோட்டாரைத் தாண்டிப் போனால் போதும் என்று தள்ளித் தள்ளி விட்டிருக்கிறாள். இரண்டு பேரும் மதகையே பார்த்தார்கள். மேகம் போய்விட்டிருந்தது.

"கீழ யாருடி இருக்கா?" என்றாள் பளிச்சக்கா.

தங்கையின் முகம் வெளுத்துப்போய்விட்டது. பளிச்சக்கா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "சொல்லுடி, கீழ யாரு?"

"எம் பொண்ணு."

"என்னது?"

"அவளைக் கீழதான்கா கட்டிக் குடுத்திருக்கு. மாப்பிள்ளைக்கு மீன் குட்டை. இந்த வாய்க்கால் தண்ணியைத்தான் திருப்பி விட்டிருக்காரு. போன வாரம்கூட மீன் செத்து மிதக்குது, என்னன்னு தெரியலைம்மான்னு ஃபோன்ல அழுதா. நான் தைரியம் சொன்னேன்கா. தைரியம் சொல்லிட்டு வந்து, இங்க குந்தி..."

மீன் இதனால்தான் செத்ததா, வேறெதனாலோ செத்ததா, அது யாருக்குத் தெரியும்? அவர்கள் இருவருக்கும் அந்தச் சந்தேகமே போதுமானதாக இருந்தது. பளிச்சக்கா படியில் உட்கார்ந்துவிட்டாள். இடுப்பில் தூக்கி வளர்த்தவளும் அவள் தூக்கி வளர்த்தவளும் கழுவிக் கழுவி, ஒருத்தி இன்னொருத்திக்கு, இன்னொருத்தி பெற்ற பிள்ளைக்கு அனுப்பியிருக்கிறார்கள். சே!

"அவகிட்ட யாருக்கா சொல்றது?" என்றாள் தங்கை.

"நான் சொல்றேன். நான்தானே பெரியவ."

"கல்யாணத்துக்கே வராதவ, என்ன மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போய்ச் சொல்லுவ?"

"கூப்பிடாதவ நீயும் கூட வா. ரெண்டு பேரையும் நிக்கவெச்சு அவ கேக்கட்டும்."

தங்கை வலையை வழித்து, வழித்ததை ஒரு காலிப் பூந்தொட்டியில் போட்டு, மேலே ஓட்டாஞ்சில்லை வைத்து மூடினாள். விரல் முழுக்கச் சாம்பல் அப்பியிருந்தது. பழக்க தோஷம், கை கழுவப் படியில் குனிந்தாள். பளிச்சக்கா அவள் மணிக்கட்டை எட்டிப் பிடித்து இழுத்துக்கொண்டு, கரையோடு கீழ்ப்பக்கம் நடந்தாள்.